பஞ்சமம் செய்த பாவம்

மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். பதினேழு வருடமாக அடுத்தவர் எழுதிய தமிழில் சிவப்புப் பேனாவை ஓட்டித்தான் வீட்டு வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் என்னுடைய தாள் ஒன்று சிவப்பாகத் திரும்பி வந்தபோது எனக்குக் கோபம் வந்திருக்கக் கூடாது. வந்தது. இரண்டு நாள் ஆகியும் போகவில்லை. எட்டே எட்டு பார் (தாளக் கட்டம்), நான்கு குரல், நோட்டில் ஒரு பக்கம்கூட நிறையாத ஹார்மனி வீட்டுப்பாடம். ஹார்மனி என்றால் வெவ்வேறு சுரங்களை ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்க வைக்கும் கலை. அதில் பதினோரு இடத்தில் சாய்வாக இரண்டு கோடு இழுத்துப் பக்கத்தில் 5 என்று எழுதியிருந்தது. பதினொன்றும் ஒரே தப்பு. பேரலல் ஃபிஃப்த்ஸ்.

மேலிருந்து கீழாக சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரல்கள். அவற்றில் ஏதோ இரண்டு, ச–ப தூரத்தில் நிற்கின்றன. அடுத்த கார்டுக்கு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் அடுத்த சுரக் கூட்டுக்கு, போகும்போதும் அந்தத் தூரம் கலையாமல் இரண்டும் சேர்ந்தே நகர்ந்தால் அதுதான் பேரலல் ஃபிஃப்த்ஸ். இணைப் பஞ்சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கூடாது. மேற்கத்திய ஹார்மனி படிக்கப் போகிறவனுக்கு முதல் வாரமே சொல்லப்படும் தடை இது. எனக்கும் சொன்னார்கள். இணையம் வழியாக நடந்த ஒரு வகுப்பில், முதல் நாளே ஒரு கோப்பு அனுப்பினார்கள். இருபத்திரண்டு விதி. இணைப் பஞ்சமம் கூடாது, இணை எட்டாம் சுரம் கூடாது, மறைந்து வரும் பஞ்சமமும் கூடாது, நிஷாதத்தை இரண்டு குரலுக்குக் கொடுக்கக் கூடாது, ஆல்டோ டெனருக்குக் கீழே இறங்கக் கூடாது, சோப்ரானோவுக்கும் ஆல்டோவுக்கும் நடுவில் ஒரு ஸ்தாயிக்கு மேல் இடைவெளி கூடாது. எல்லா வரியும் கூடாதில் முடிந்தது. ஏன் கூடாது என்று கேட்டேன். தேர்வில் மார்க் போகும் என்று பதில் வந்தது. அந்த வகுப்பை அதற்கப்புறம் நான் தொடரவில்லை. கட்டிய பணம் மட்டும் தொடர்ந்து மூன்று மாதம் போனது.

என் கோபத்துக்கு வேறு ஒரு காரணமும் உண்டு. எட்டு வயதிலிருந்து பதினான்கு வயது வரை அத்தையிடம் பாட்டுக் கற்றுக்கொண்டேன். வர்ணம் வரைக்கும் வந்து நின்றுபோனது. அத்தை வீட்டில் தம்புரா ஒன்று இருந்தது. மாலை ஐந்து மணிக்கு உறையைக் கழற்றி, ஜீவா நூலை நகர்த்தி நகர்த்திச் சுருதி சேர்க்கவே கால் மணி நேரம் ஆகும். ப–ச–ச–ச. முதல் தந்தி பஞ்சமம். "பஞ்சமம் நின்னுட்டா போதும்டா, மத்ததெல்லாம் தானா வந்து உட்காரும்" என்பார் அத்தை. ஏழு சுரத்தில் ச, ப இரண்டும்தான் அசையாதவை. ரி, க, ம, த, நி எல்லாவற்றுக்கும் ஏற்ற இறக்கம் உண்டு, பஞ்சமத்துக்குக் கிடையாது. சிலப்பதிகாரக் காலத்திலேயே குரலும் இளியும் என்று இந்த ஜோடிக்குத் தனி மரியாதை. ஆறு வருடம் அந்த ஜோடியின் மடியில் உட்கார்ந்து பாடிய காதை வைத்துக்கொண்டு நாற்பது வயதில் ஹார்மனி படிக்கப் போனால், பஞ்சமம் ஜோடி போட்டு நடந்தால் குற்றம் என்கிறார்கள். எப்படி ஏற்றுக்கொள்வது?

கிடாரின் சாட்சி

இரண்டாவது வாத்தியாரை ஒரு நண்பர் காட்டினார். பெரம்பூர்ப் பக்கம் ஒரு தேவாலயத்தில் முப்பது வருடத்துக்கு மேல் ஆர்கன் வாசித்துக் கொயரையும் நடத்தி வருபவர். எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும். வீட்டில் ஒரு பழைய அப்ரைட் பியானோ. ஐப்பசி பிறந்தால் அதில் நான்கைந்து கட்டைகள் ஊறிப்போய் அமுக்கியது அமுக்கியபடியே நிற்கும், விரலால் கெல்லி மேலே எடுக்க வேண்டும். பதினோரு இரட்டைக் கோடு போட்டவர் இவர்தான்.

அடுத்த ஞாயிறு நான் சாட்சியோடு போனேன். கல்லூரிக் காலத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் இரண்டு வருடம் கிடார் வாசித்திருக்கிறேன். கிடாரில் எஃப் கார்டு பிடிக்கிற எவருக்கும் தெரியும், ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்டில் குறுக்கே படுக்கப் போட்டால் எஃப். அதே கையை அப்படியே இரண்டு ஃப்ரெட் தள்ளினால் ஜி. கையின் வடிவம் மாறுவதில்லை. கீழிருந்து மேலாக ம, ச, ம, த என்று ஒலித்த தந்திகள் ப, ரி, ப, நி என்று ஒலிக்கும். எல்லாம் சேர்ந்து ஒரே திசையில் ஒரே அளவு நகர்கின்றன. நான் வீட்டுப்பாடத்தில் எழுதியதும் அதேதான். பேஸுக்கு ம, டெனருக்கு ச, ஆல்டோவுக்கு மேல் ம, சோப்ரானோவுக்கு த. அடுத்த கார்டில் ப, ரி, ப, நி. பேஸும் டெனரும் ம–ச தூரத்தில் இருந்து ப–ரி தூரத்துக்குப் போகின்றன. மத்திமத்துக்கு மேல் ஷட்ஜம் பஞ்சம தூரம், பஞ்சமத்துக்கு மேல் ரிஷபமும் பஞ்சம தூரம். இணைப் பஞ்சமம். பேஸும் ஆல்டோவும் இணை எட்டு. ஒரே கல்லில் இரண்டு பாவம். ஆனால் இதைத்தானே மேடையில் நூறு பாட்டுக்கு வாசித்தேன், ஒருத்தரும் எழுந்து போகவில்லையே என்று வாசித்தும் காட்டினேன்.

மாஸ்டர் பொறுமையாகக் கேட்டார். "கிடார்ல அது ஒரு ஆள் தம்பி. இங்க நாலு பேரு" என்றார். பென்சிலை எடுத்து என் பக்கத்திலேயே திருத்தினார். பேஸ் ம–வில் இருந்து ப–வுக்கு ஏறட்டும். மற்ற மூன்றும் இறங்கட்டும். டெனர் ச–வில் இருந்து நி–க்கு, ஆல்டோ ம–வில் இருந்து ரி–க்கு, சோப்ரானோ த–வில் இருந்து ப–வுக்கு. முடிந்தது. தப்பு எல்லாம் போய்விட்டது. இரண்டையும் பியானோவில் வாசித்தார். எனக்கு இரண்டுமே நன்றாகத்தான் கேட்டன. உண்மையைச் சொன்னால் என்னுடையது இன்னும் கொஞ்சம் கம்பீரமாகக் கேட்டது. அதை வெளியே சொல்லவில்லை. "புரியுதா?" என்றார். "புரியுது மாஸ்டர்" என்றேன். புரியவில்லை.

எல்லாமே இப்படி முரண்டு பிடித்தது என்று சொல்ல மாட்டேன். சில விதிகள் வீட்டுக்குத் தெரிந்த விருந்தாளி மாதிரி வந்து உட்கார்ந்தன. மேஜர் ஸ்கேல் என்பது நமக்குச் சங்கராபரணம். அதன் காகலி நிஷாதம் மேல் ஷட்ஜத்துக்குத் தவிப்பதை எந்தப் பாட்டு வாத்தியாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, குரல் தானாகப் போய்விடும். ஹார்மனியிலும் அந்த நிஷாதம் ஷட்ஜத்துக்கு ஏற வேண்டும் என்றே விதி. ப, நி, ரி, ம என்று நான்கு சுரம் சேர்ந்த டாமினண்ட் செவன்த் கார்டில் நி மேலே ச–வுக்கும் ம கீழே க–வுக்கும் போகும், அது முடிந்ததும் ஒரு பெருமூச்சு கேட்கும். இதை முதல் தடவையே சரியாக எழுதினேன். நிஷாதத்தை இரண்டு பேருக்குக் கொடுக்காதே என்பதும் உடனே விளங்கியது. இரண்டு பேரும் ஒரே வாசலுக்கு ஓடுவார்கள். இப்படிக் காது ஒப்புக்கொண்ட விதி கையில் நின்றது. காது ஒப்புக்கொள்ளாத விதியை எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும், அவசரத்தில் கை பழைய இடத்துக்கே போனது. நான்காம் வாரம் ஒன்பது கோடு. ஐந்தாம் வாரம் ஏழு. ஆறாம் வாரம் மறுபடி பத்து.

வழுவும் வழுவமைதியும்

இந்தச் சமயத்தில் அலுவலகத்தில் ஒன்று நடந்தது. முதல் நாவல் எழுதியிருக்கும் ஒரு இளைஞர், நான் பார்த்த மெய்ப்பை எடுத்துக்கொண்டு நேரில் வந்துவிட்டார். பக்கத்துக்கு இருபது முப்பது இடத்தில் க், ச், த், ப் சேர்த்திருந்தேன். இங்கே ஏன் ஒற்று மிகும் என்று கேட்டார். நான் திரையில் இருந்து கண்ணை எடுக்காமல், "இரண்டாம் வேற்றுமை விரி தம்பி, மிகும், அது விதி" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அந்தத் தொனி எங்கேயோ கேட்ட தொனியாக இருக்கிறதே என்று உறைத்தது. தேர்வில் மார்க் போகும் என்று சொன்னவரின் தொனி அது. அவருக்கு உதாரணம் காட்டுவது எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. கீரை கடை என்றால் மத்தை எடுத்துக் கடை என்று அர்த்தம். கீரைக்கடை என்றால் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். ஒரு க் போனால் சந்தை சமையலறையாகிவிடும். இதைச் சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் விளங்கியிருக்கும். நாவல்காரர் தலையாட்டிவிட்டுப் போனார், நான் மாஸ்டரிடம் ஆட்டிய அதே ஆட்டம்.

விதி யாருடைய அதிகாரம் என்று தேடிப் போனதில் இரவுகள் கொஞ்சம் கழிந்தன. ஹார்மனி மாணவர்கள் தலையில் இன்று விழும் விதிகளில் பலவற்றை வரிசைப்படுத்தித் தந்தவர் யோஹான் யோசஃப் ஃபுக்ஸ் என்கிற ஆஸ்திரியர். 1725இல் வியன்னாவில் லத்தீனில் வெளியிட்டார். குருவும் சீடனும் பேசிக்கொள்கிற மாதிரி எழுதப்பட்ட புத்தகம். சீடன் எழுதிக் காட்டுவான், குரு தப்பைச் சொல்லுவார், சீடன் வருத்தப்படுவான். படித்தபோது எனக்கு அந்தச் சீடன் மேல் சகோதர பாசமே வந்துவிட்டது. ஃபுக்ஸ் முன்மாதிரியாக வைத்துக்கொண்டது இத்தாலிய இசையமைப்பாளர் பாலஸ்த்ரீனாவை. அவர் இறந்தது 1594இல். நூற்று முப்பது வருடத்துக்கு முன்பு ஒருவர் பாடவைத்ததைப் பார்த்து இவர் விதி எழுதுகிறார். இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் என்று நாம் சொல்வது அப்படியே பொருந்துகிறது. அதற்கும் முன்னே, 9ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நூல்களைப் பார்த்தால், இரண்டு குரல்கள் நான்காம், ஐந்தாம் சுர தூரத்தில் இணையாகவே நகர்ந்து வழிபாட்டுப் பாடல் பாடும் முறை பதிவாகியிருக்கிறது. அந்த ஊரிலேயே ஒரு காலத்தில் அது பக்தி, இன்னொரு காலத்தில் தப்பு.

இந்த இடத்தில் பீத்தோவன் கதையை எல்லோரும் சொல்வார்கள். உங்கள் குவார்ட்டெட்டில் இணைப் பஞ்சமம் இருக்கிறதே என்று சீடர் ரீஸ் சொல்ல, யார் தடுத்தது என்று இவர் கேட்க, அவர் ஃபுக்ஸ் உட்பட மூன்று பேரை அடுக்க, அப்படியானால் நான் அனுமதிக்கிறேன் என்றாராம். ரீஸே எழுதிவைத்த நினைவு இது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விதி என்றாலே உடைக்கத்தான் என்று பேசுகிறவர்கள் கையில் இந்தக் கதை படும் பாடு எனக்குப் பிடிக்கவில்லை. ஒற்றுப் பிழையோடு எழுதிவிட்டுப் புதுமைப்பித்தனைச் சாட்சிக்குக் கூப்பிடும் ஆட்களை நான் தினமும் பார்க்கிறேன்.

எனக்குப் பிடித்த மனிதர் ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ். அவர் தனிப்பட்ட முறையில் ஒரு கையேடு வைத்திருந்தார். பழைய மேதைகளின் இசையைப் படிக்கும்போது எங்கெல்லாம் இணைப் பஞ்சமமும் இணை எட்டும் கண்ணில் படுகிறதோ, அங்கங்கே அதைக் குறித்துக்கொள்வார். நூற்று நாற்பது உதாரணம் போலச் சேர்ந்திருந்தன. எது சரி, எது ஒப்புக்கொள்ளலாம், எது ஒப்பாது என்று தனக்குத்தானே குறிப்பும் எழுதிக்கொண்டார். அவர் இறந்து முப்பத்தாறு வருடம் கழித்து 1933இல் ஷெங்கர் என்கிற இசை ஆய்வாளர் அதை அச்சிட்டார். மெய்ப்புக்காரன் எவனுக்கும் இந்த வியாதி புரியும். நானும் பெரிய எழுத்தாளர்களின் வழுக்களை ஒரு டைரியில் சேர்த்து வைத்திருக்கிறேன். குறை கண்டுபிடிக்க என்றுதான் ஆரம்பிப்போம். கொஞ்ச நாளில், அவர் ஏன் இங்கே இப்படி விட்டார் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவோம். நன்னூல்காரர் இதற்கு இடம் வைத்திருக்கிறார். வழு, வழாநிலை, நடுவில் வழுவமைதி. வீட்டுப் பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்றால் திணை தப்புகிறது, ஆனால் அன்பினால் தப்புகிறது, ஆகவே அமைதி. ஜெர்மன் இசைமேதை பாகின் 371 கோரல்களை, அதாவது நான்கு குரல் தேவாலயப் பாடல்களை, பக்கம் பக்கமாகப் புரட்டிய வாரங்களில் அவரிடமும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில அகப்பட்டன. அவற்றை மாஸ்டரிடம் கொண்டுபோய் நீட்டினேன், கொஞ்சம் வெற்றிக் களிப்போடு. மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "ஆமா, இருக்கு. முந்நூத்திச் சொச்சத்துல இவ்வளவுதானா உனக்குக் கெடச்சுது?" என்றார்.

அப்புறம் கேட்டார், "சனிக்கிழமை சாயங்காலம் ப்ராக்டிஸ். வர்றியா?"

சனிக்கிழமை

நான் தேவாலயத்துக்குள் வழிபாட்டுக்கென்று போனதில்லை. ஒத்திகை பக்கத்து ஹாலில். இந்தத் தமிழ்ச் சபைகளில் இரண்டு வகைப் பாட்டு உண்டு என்பதே அன்றைக்குத்தான் எனக்கு ஒழுங்காகத் தெரிந்தது. பாமாலை என்றால் மேல்நாட்டு மெட்டு, தமிழ் வார்த்தை, நான்கு குரல். கீர்த்தனை என்றால் நம் ராகம், நம் தாளம், எல்லோரும் ஒரே குரல். அரை மணி நேரத்துக்குள் இதற்கும் அதற்கும் தாவுகிறார்கள். யாருக்கும் அது விசேஷமாகத் தெரியவில்லை. நான் மூன்று மாதமாக இரண்டு இசைக்கும் நடுவில் வேலி பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். இவர்கள் வேலியில் துணி உலர்த்தினார்கள்.

ஒத்திகை முடியும் தறுவாயில் மாஸ்டர் என் வீட்டுப்பாடத்தை எடுத்தார், திருத்துவதற்கு முன் இருந்த வடிவத்தில். எனக்கு வேர்த்தது. சோப்ரானோவுக்கு இரண்டு கல்லூரிப் பெண்கள், ஆல்டோவுக்கு ஒரு கணக்கு டீச்சர், டெனருக்கு அண்ணாச்சி. ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமை. ஸ்டாஃப் நொட்டேஷன் அவருக்கு ஓடாது என்பதால் மாஸ்டர் டோ–ரே–மி எழுத்தில் தனிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பேஸ் மாஸ்டரே.

லா என்ற எழுத்தில் பாடினார்கள். நான் கையால் எழுதிய ஒன்றை மனிதர்கள் வாயால் கேட்பது அதுவே முதல் தடவை. மூன்றாவது பாரில் அந்த ம–ச–ம–த எல்லாம் சேர்ந்து ஒரு படி ஏறி ப–ரி–ப–நி ஆனபோது, ஹாலே கொஞ்சம் உயர்ந்த மாதிரி இருந்தது. பார்த்தீர்களா, நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணாச்சி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மூணாவது எடத்துல நான் பாடுனேனா இல்லையான்னே தெரியல தம்பி" என்றார். "வாய் அசையுது. சத்தம் மாஸ்டர்கிட்ட போயிருது. எனக்கே கேக்கலியே."

கணக்கு டீச்சரும், "எனக்கும் அந்த இடத்துல அப்படித்தான் சார் இருந்துச்சு, நான் என் பார்ட்டை விட்டுட்டேன்னு நினைச்சேன்" என்றார். அவர் விடவில்லை. எழுதியபடி சரியாகத்தான் பாடினார். பேஸோடு இணை எட்டில் அவரை அனுப்பியது நான்.

மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. திருத்திய வடிவத்தைப் பாட வைத்தார். பேஸ் ஏறும்போது டெனர் ச–வில் இருந்து நி–க்கு அரைப்படி இறங்குகிறது, அண்ணாச்சிக்கு அவ்வளவே வித்தியாசம். அந்த அரைப்படியில் அண்ணாச்சியின் குரல் தனியாகத் தெரிந்தது. கூட்டத்தில் ஒரு ஆள் திரும்பிப் பார்ப்பது மாதிரி. பாடி முடித்து அவர் சொன்னது இரண்டே வார்த்தை.

"இப்ப இருக்கேன்."

வீட்டுக்கு வரும் மின்சார ரயிலில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இருபத்திரண்டு விதியும், ஃபுக்ஸும், பிராம்ஸ் கையேடும் புரிய வைக்காத ஒன்றை ஒரு வெல்டர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். இத்தனைக்கும் அதற்கான விளக்கம் எனக்கு எட்டு வயதிலேயே கிடைத்திருந்தது. தம்புராவில் பஞ்சமத் தந்தியை எதற்குச் சேர்க்கிறோம்? ஷட்ஜத்தோடு கரைவதற்கு. சரியாகச் சேர்ந்துவிட்டதா என்று அத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்? பஞ்சமம் எது, ஷட்ஜம் எது என்று தனித்தனியாகக் காதில் விழாமல், இரண்டும் ஒரே ரீங்காரமாக எழும்போது. கணக்கும் அதுதான். கீழ்ச் சுரம் வினாடிக்கு 100 அதிர்வு என்று வைத்துக்கொண்டால் அதன் மேலெழும் அதிர்வுகள் 200, 300, 400, 500, 600. அதன் பஞ்சமம் 150, அதற்கு 300, 450, 600. ஒன்றுவிட்டு ஒன்று வந்து கீழ்ச் சுரத்தின் மடியிலேயே விழுகிறது. எட்டாம் சுரம் என்றால் 200, 400, 600, எல்லாமே விழுந்துவிடும். இரண்டு குரலும் சேர்ந்து நகர்ந்தால், இது தனி ஆள் என்று காட்டும் கடைசி அடையாளமும் போய்விடுகிறது. தம்புராவுக்கு இதுவே பெருமை. என் கிடாருக்கும் பெருமைதான், ஆறு தந்தியும் ஒரே பெரிய தந்தியாகக் கேட்க வேண்டும் என்றுதானே கை அப்படிப் பிடிக்கிறது. நான்கு பேரை வரவழைத்து நான்கு சீட்டு கொடுத்துவிட்டு, நடுவில் ஒருவரை மட்டும் காணாமல் போகச் செய்வதற்குத்தான் அது ஆகாது. பஞ்சமம் அசிங்கமாகக் கேட்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. நானாகத்தான் அப்படி எடுத்துக்கொண்டு மூன்று மாதம் சண்டை போட்டிருக்கிறேன்.

ஆனால் அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது, அதை விட்டுவிட்டால் நான் முழுக்கச் சரணடைந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். என் இன்னொரு பாடத்தில் மைனர் ஸ்கேலில் டெனருக்குச் சுத்த தைவதத்தில் இருந்து காகலி நிஷாதத்துக்கு ஒரு நகர்வு எழுதியிருந்தேன், கீரவாணியில் வருகிற மாதிரி. அதற்கும் சிவப்பு. ஆக்மென்டட் செகண்ட், பாடக் கஷ்டமான இடைவெளி, தவிர்க்க வேண்டும் என்பது விதி. பாடக் கஷ்டமா? நம் ஊரில் பாட்டு வகுப்பில் சேரும் குழந்தை முதல் நாள் பாடுவது மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. அதில் ரி–க ஒரு முறை, த–நி ஒரு முறை, அதே இடைவெளி. பல் விழுந்த பிள்ளைகள் பாடுகிறார்கள். மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே அதையும் பாட வைத்தார். அண்ணாச்சி ஒரு துளி தடுக்கவில்லை, போதாக்குறைக்கு நிஷாதத்தில் ஒரு சின்ன அசைவும் போட்டார். கீர்த்தனை பாடுகிற தொண்டை. "இது நம்ம ஊர்க் காதுக்குக் கஷ்டம் இல்ல" என்று மாஸ்டர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டுவிட்டு, பாக் காலத்து ஸ்டைலில் எழுதச் சொன்னால் எழுதாதே என்று சிவப்பை அழிக்காமலே விட்டுவிட்டார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வெண்பா கேட்டால் வெண்டளை தட்டக் கூடாது. அதற்காக ஆசிரியப்பா பாடுகிறவன் தப்பு செய்கிறான் என்று ஆகாது.

இருபத்திரண்டு விதியையும் ஒரே பட்டியலில் ஒரே எழுத்தளவில் அச்சடித்துக் கொடுத்ததுதான் எனக்கு இன்னும் ஆறாத கோபம். ஒரு விதி காது படைக்கப்பட்ட விதத்தில் இருந்து வருகிறது. இன்னொன்று ஒரு ஊரின் பழக்கத்தில் இருந்து வருகிறது. ஆல்டோ இவ்வளவுதான் இறங்கலாம் என்பது தொண்டையில் இருந்து வருகிறது. மூன்றுக்கும் கூடாது என்ற ஒரே முகம். படிக்கிறவன் எதோடு சண்டை போடுவது, எதற்குத் தலைவணங்குவது?

இப்போது எப்படி எழுதுகிறேன் என்றால், பியானோவைத் தொடுவதில்லை. ஒவ்வொரு குரலையும் தனியாக, மெல்ல, வாயால் பாடிப் பார்க்கிறேன். டெனர் வரியைப் பாடும்போது அண்ணாச்சியாகி விடுகிறேன். இந்த இடத்தில் இவருக்குத் தன் குரல் கேட்குமா? ஆல்டோவைப் பாடினால் பாதி நேரம் ஒரே சுரத்திலேயே நிற்கிறது, கணக்கு டீச்சருக்குச் சலிப்பாக இருக்குமே என்று ஒரு படி இறக்கிப் பார்க்கிறேன். அதனால் புதிதாக ஏதாவது தப்பு முளைக்கும். கோடுகள் குறைந்திருக்கின்றன, நிற்கவில்லை. மறைந்து வரும் பஞ்சமம் இன்னும் என் கண்ணுக்கு மறைந்தே வருகிறது. தேர்வு எழுதும் எண்ணத்தைத் தள்ளிப் போட்டுவிட்டேன். நாவல்காரருக்குப் போன் செய்து கீரைக்கடையைச் சொன்னேன். அவர் ஏற்கெனவே எல்லாத் திருத்தத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டு அச்சுக்கு அனுப்பியிருந்தார்.

போன மாதம், அத்தை சொல்லிக் கொடுத்த சங்கராபரணத்தை மனதில் வைத்து நானே ஒரு சின்ன மெட்டுப் போட்டு, பதினாறு பாருக்கு நான்கு குரலும் எழுதினேன். ஒன்றரை வாரம் ஆனது. மாஸ்டர் சிவப்புப் பேனாவை எடுத்தார், மேலிருந்து கீழ் வரை நகர்த்தினார், ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினார், கோடு போடாமல் மூடினார். சனிக்கிழமை கொண்டுபோனோம். நான் அண்ணாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை சீட்டில் இருந்து தலையைத் தூக்காமல் பாடினார். இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டார். முடித்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எல்லா எடத்துலயும் கேக்குது தம்பி" என்றார். "ஆனா மூச்சு விட எங்கயுமே எடம் வைக்கலியே நீ."